மோரில் ஊறாத வத்தல்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் மணத்தக்காளிச் செடியை நாங்கள் யாரும் நடவில்லை. ஏதோ ஒரு பறவை எங்கேயோ பழத்தைத் தின்றுவிட்டு வந்து எங்கள் மதில்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாடித் தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்கு நேர் கீழே, ஒவ்வொரு மழைக்கும் தானாக முளைக்கிறது. இடுப்பளவு வளர்கிறது. கோடையில் காய்ந்து போகிறது. ஒருமுறை ஆசைப்பட்டுத் தொட்டி, செம்மண், உரம் எல்லாம் வாங்கி வந்து அதே செடியின் விதையைப் போட்டு வளர்த்தேன். ஒரு சாண் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தொட்டியில் இப்போது துணிக்கு மாட்டும் கிளிப்புகள் கிடக்கின்றன.

செடி ஒன்றுதான் என்றாலும் வீட்டுக்கு அதனால் பல உபயோகம். கொழுந்து இலையைக் கிள்ளினால் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம். ஒரு முறம் நிறைய இலை பறித்தால் வெந்து ஒரு கரண்டிதான் தேறும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இலைக்கு அடியில் சின்னப் பச்சைப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் அலச வேண்டும். பச்சைக் காயைப் புளிக்குழம்பில் போடலாம், வத்தலாகக் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். நன்றாகக் கறுத்துப் பழுத்ததை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கையைக் கழுவிவிட்டுத்தான் வேறு வேலை பார்க்க வேண்டும். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். பழத்தைத் தின்ற விரலோடு சந்தன நிற ரவிக்கைத் துணியைத் தொட்டு, அதை வெளுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் பிரியாணி மாஸ்டர். நாங்கள் இருப்பது கள்ளிக்குப்பத்தில். கல்யாணம், ஞானஸ்நானம், புதுமனை புகுவிழா என்று அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அவருடைய அண்டா இறங்காத மண்டபம் குறைவு. அவருக்குக் கூடமாட நிற்பது என் தம்பி. மாஸ்டர் என்றால் கரண்டியை வாயில் வைத்துப் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். அரிசி போடுவதற்கு முன்னால் கொதிக்கிற உலையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். அந்த ஒரு சொட்டில் உப்பு, காரம், பட்டை எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் மூடியைப் போட்டு மேலே தணலை அள்ளிக் கொட்டினால், திறக்கும்வரை கவலை இல்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வீட்டில் சோறு போடுவது லேசுப்பட்ட காரியமா? கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் அவர் குறை சொல்லாத நாள் கிடையாது. ரசம் ஒரு கொதி கூடிப்போச்சு, கடுகு கருகிப்போச்சு, தேங்காய் முத்தல் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். நானும் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு போன நாளும் உண்டு. எங்கள் வீட்டில் சண்டைக்கு வேறு விஷயமே தேவைப்பட்டதில்லை.

நவம்பர் மழை விடாமல் கொட்டி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். மற்றவர்களுக்கு வந்த சுருக்கில் போய்விட்டது. இவருக்குக் காய்ச்சல் இறங்கியபோது வாய் முழுக்கப் புண். உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அண்ணம், ஓர் இடம் பாக்கி இல்லை. தண்ணீர் குடித்தால்கூடக் கண்ணில் நீர் முட்டும். டாக்டர் மாத்திரையும் தடவுகிற மருந்தும் கொடுத்தார். நான் பின்பக்கம் போய் மழைத்தண்ணீரில் பளபளவென்று நின்ற செடியிலிருந்து மடி நிறைய இலையைப் பறித்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாடி, ஆடு மேயுறதெல்லாம் பறிச்சினு வர்றே?" என்று வாயைத் திறக்காமலே கேட்டார்.

"ஆட்டுக்கு வாயி நல்லா கீது, மேயுது. உனக்கு அதுவும் இல்ல. பேசாம குடி" என்றேன்.

அரிசி கழுவிய இரண்டாவது தண்ணீரை அடுப்பில் வைத்து, சின்ன வெங்காயம், ஒரு பல் பூண்டு, சீரகம் போட்டு, இலையைக் கிள்ளிப் போட்டு வேகவிட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும். பாலை ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். மிளகாய், புளி இரண்டும் கூடாது. ஆறவைத்து டம்ளரில் கொடுத்தால் எரியாமல் இறங்கும். காலையும் மதியமும் அதுதான் கொடுத்தேன். சாயந்திரத்துக்கு மேல் கீரை கொடுக்க எனக்கு மனசு வராது, அதனால் ராத்திரிக்குக் கஞ்சி. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்த வாரத்தில் புண் ஆறிவிட்டது. கீரையால் ஆறியதா, மாத்திரையால் ஆறியதா, ஆறுகிற காலம் வந்து ஆறியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செடி மொட்டையாகிவிட்டது, அது மட்டும் தெரியும்.

புண் ஆறிய மறுநாள் மீன்குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டார், கை கழுவினார், எழுந்து போனார். ஒன்றும் சொல்லவில்லை. 

"மீனு எப்டி கீது?" என்று நானே கேட்டேன்.

"தெரில. சூடா இருந்துது. அவ்ளோதான் தெரிஞ்சுது" என்றார்.

காய்ச்சல் போகும்போது அவருடைய ருசியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. சர்க்கரையும் உப்பும் அவருக்கு ஒன்றுதான், இரண்டும் மண். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாக்கில் குறை எதுவும் தெரியவில்லை, சில பேருக்கு இப்படி ஆகிறது, வர மாதக்கணக்கில் ஆகலாம், முழுசாக வரும் என்று சொல்லவும் முடியாது என்றார். கணக்கு எழுதுகிறவருக்கோ கார் ஓட்டுகிறவருக்கோ அது ஒரு கஷ்டம், அவ்வளவுதான். இவருக்கு நாக்குதான் தொழில்.

கிறிஸ்மஸ் ஆர்டர்களை என் தம்பியை வைத்துச் சமாளித்தார். மாஸ்டர் வழக்கம்போல ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குவார், தலையை ஆட்டுவார். பக்கத்தில் நிற்கிற என் தம்பியும் ஒரு சொட்டு பார்ப்பான். உப்பு குறைந்தால் இருமுவான், காரம் குறைந்தால் காதைச் சொறிவான். சரியாக இருந்தால் துண்டை உதறித் தோளில் போடுவான். ஆர்டர் கொடுத்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் நடித்துக் காட்டினார்கள், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

பொங்கல் கழிந்து கரையான்சாவடியில் ஒரு கல்யாணம். இவர் முன்னால் போய் அடுப்பு மூட்டிவிட்டார். மளிகையில் விட்டுப்போன சாமானை வாங்கிக்கொண்டு பின்னால் கிளம்பிய என் தம்பி குமணன்சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டான். உலை கொதிக்கிறது, அரிசி ஊறிவிட்டது, காத்திருக்க முடியாது. கை அளவை நம்பி உப்பைப் போட்டார். போட்டோமா இல்லையா என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு போதும். அன்றைக்கு நக்கிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு தரம் போட்டுவிட்டார். பந்தியில் எல்லாரும் தண்ணீரும் தயிர்ப் பச்சடியுமாகக் கேட்டார்களாம். இலையில் பிரியாணி அப்படியே கிடந்ததாம். பெண்ணின் அப்பா வந்து, "பரவால்ல மாஸ்டர், ஒரு வாட்டி தானே" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனாராம். திட்டியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்து அண்டாவைத் தானே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வழக்கமாகத் தம்பிதான் கழுவுவான்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். சொல்ட்டேன். ருசி தெரியாதவன் அண்டா கிட்ட நிக்கக் கூடாது" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் எங்கள் சபையில் கல்யாணம் வைப்பதில்லை. ஆர்டர் குறைவாக இருக்கிற காலம் அதுதான். சபைக்கு வெளியே மற்றவர்கள் கொடுத்த ஆர்டரையும் தெரிந்த வேறொரு மாஸ்டரிடம் தள்ளிவிட்டார். ஈஸ்டர் வரைக்கும் பார்க்கலாம், ருசி வந்தால் அண்டா, வராவிட்டால் எஸ்டேட் கேட். இதுதான் அவர் போட்ட கணக்கு. கம்பெனியில் சட்டையும் நீல பேண்ட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். பேண்ட் அவருக்கு நீளம். கால் மடித்து அடித்துக் கொடு என்று என் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்து மிஷினுக்குக் கீழே வைத்தேன். தைக்க வேண்டிய ரவிக்கை நிறைய இருந்தது என்று அவரிடம் சொன்னேன். நிறைய ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில் என்னைப் படுத்தியது அவருடைய கவலையைவிட அவருடைய அமைதிதான். எதைப் போட்டாலும் சாப்பிட்டார். ஒருநாள் வேண்டுமென்றே சாம்பாரில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டார். இன்னொருநாள் அடிபிடித்த பாலில் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவி வேறு வைத்தார். இத்தனை வருஷமும் எந்த வாயை மூட வேண்டும் என்று நினைத்தேனோ, அந்த வாய் மூடிக்கிடந்தது. அது திறக்காதா என்று சர்ச்சில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். கடவுளுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு வந்திருக்கும்.

இதற்குள் மொட்டையடித்த செடி மறுபடி தழைத்துக் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. வெயிலும் ஏறிவிட்டது. வத்தல் போட அதுதான் சமயம். பழுக்க விடாமல் பச்சையாக, கொஞ்சம் முற்றிய காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். காம்பைக் கிள்ளி, கழுவி, லேசாக நசுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் காயை மட்டும் எடுத்து மாடியில் துணி விரித்துக் காயவைத்து, சாயந்திரம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்கக் காய்க்குள் போகும்வரை இப்படியே செய்து, கடைசியில் கலகலவென்று சத்தம் வரும்வரை உலர்த்த வேண்டும். மோர்தான் கசப்பை வாங்கும். கொஞ்சம் கசப்பு இருக்கத்தான் செய்யும், அது வேண்டும். புறாத் தொல்லைக்குப் பழைய கொசுவலையை மேலே போட்டு நாலு பக்கமும் கல் வைப்பேன்.

முதல் தடவை பறித்ததை ஒழுங்காக இப்படித்தான் போட்டேன். இரண்டாவது தடவை பறித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. யாருக்காக இத்தனை வேலை? இந்த வத்தலைப் பொரித்துச் சுடுசோற்றில் போட்டாலும் அவருக்கு மண், களிமண்ணை உருட்டிப் போட்டாலும் மண். மோராவது மிச்சமாகட்டும் என்று வெறும் உப்பைப் பிசிறி வெயிலில் கொட்டிவிட்டேன். காய்ந்ததும் தனி பாட்டிலில் போட்டேன். மோர் வத்தல் தம்பி வந்தால், விருந்தாள் வந்தால். வெறும் வத்தல் வீட்டுக்காரருக்கு. நாக்கு இருக்கிறவர்களுக்கு ஒன்று, இல்லாதவருக்கு ஒன்று.

குருத்தோலை ஞாயிறு நெருங்கிவிட்டது. இனித் தள்ள முடியாது என்று ஒருநாள் நீல பேண்ட்டை எடுத்து மிஷின்மேல் போட்டேன். லெந்து நாட்களில் நான் மதியம் வரைக்கும் வாயில் எதையும் வைப்பதில்லை, அதனால் அன்றைய குழம்புக்கு உப்பு, புளிகூடப் பார்க்கவில்லை. நல்லெண்ணெய் காயவைத்து, கடுகும் வெந்தயமும் தாளித்து, அன்றுதான் முதன்முதலாகத் திறந்த அந்த இரண்டாவது பாட்டிலிலிருந்து ஒரு கை வத்தலை அள்ளிப் போட்டேன். கறுக்கும்வரை வறுத்து, வெங்காயம், பூண்டு வதக்கி, புளியைக் கரைத்து ஊற்றி, பொடி போட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டேன். அவருக்குச் சோறும் குழம்பும் தட்டில் போட்டு, சட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் போய் மிஷினில் உட்கார்ந்தேன். பேண்ட்டின் ஒரு காலை மடித்துக் குண்டூசி குத்தி அடிக்க ஆரம்பித்தேன்.

"இன்னாடி இது, இப்டி கசக்குது?"

முதுகுக்குப் பின்னால் இந்தக் குரல் வந்ததும் எனக்குப் பழக்கதோஷத்தில் கோபம் ஏறிவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மணத்தக்காளி கசக்காம இனிக்குமா?"

"கசக்கறதுக்கு ஒரு அளவு கீதுல்ல? வத்தல மோர்ல போட்டியா இல்லியா?"

"போடல. இப்ப இன்னா அதுக்கு?"

"ஏன் போடல?"

"உனக்கு இன்னாத்துக்கு மோரு? உனக்குத்தான் ருசியே..."

மிஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பிலிருந்து ஒரு வத்தலைத் தனியாக எடுத்து, சோறு இல்லாமல் வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொன்றை எடுத்தார்.

"கசக்குதுடி" என்றார்.

நான் ஓடிப்போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்தேன். இடது உள்ளங்கையை நீட்டினார். ஒரு சிட்டிகை வைத்தேன். நக்கிப் பார்த்துவிட்டு யோசித்தார். "எங்கியோ தூரத்துல கீது. கீது, ஆனா தூரத்துல" என்றார். சர்க்கரை வைத்தேன். அது அப்போதும் மண்தான். பரவாயில்லை, இன்றைக்குக் கசப்பு வந்திருக்கிறது, மற்றது பின்னால் வரட்டும் என்று நான்தான் சொன்னேன். டப்பாவைக் கீழே வைத்தேன்.

எச்சில் கையோடு போனை எடுத்து, சுண்டுவிரலால் தட்டி, என் தம்பியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவன் "சொல்லு மாமா" என்றது எனக்கும் கேட்டது.

"மச்சான், உங்கக்கா வெச்ச கொழம்ப வாயில வெக்க முடியல மச்சான்" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.

என் தம்பி போட்ட கூச்சலில் போன் அதிர்ந்தது. அண்டாவை நிமிர்த்தி வை மாமா, நான் இப்பவே வர்றேன் என்று கத்தினான்.

நான் மிஷினுக்குப் போய் நீல பேண்ட்டிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவினேன். அடித்திருந்த கொஞ்சத் தையலையும் பிரித்தேன். கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கும்போது துணியில் தையல் தடம் இருக்கக் கூடாது என்று, உட்கார்ந்து நூலையெல்லாம் பொறுக்கி எடுத்து, மடித்துப் பையில் வைத்தேன். வைத்துவிட்டு, பசியோடு சமையலறைக்கு வந்தேன். வத்தலை ஏன் இவ்வளவு கறுக்க விட்டாய், வெந்தயம் ஏன் இத்தனை என்று என்னைத் திட்டிக்கொண்டே அவர் சட்டியைச் சரித்து வழித்துக்கொண்டிருந்தார். எனக்கென்று ஒரு கரண்டி குழம்புகூட மீதி இல்லை.